டென்ட் அடிப்பதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்: சில ராத்திரி அனுபவங்கள்

வெளியே டென்ட் போட்டுப் படுத்த ராத்திரி அனுபவங்களைச் சொல்லச் சொன்னதற்கு, மிருகம் வந்த கதைகளை இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது, வெறும் எலிக்கதைதான், கடைசியில் சொல்கிறேன். மலையிலும் ஆற்றங்கரையிலும் படுத்துப் பார்த்ததில் என் தூக்கத்தைக் கெடுத்தவை பெரும்பாலும் தண்ணீரும் குளிரும்தான். அவை இரண்டும் எங்கே படுக்கிறோம் என்பதைப் பொறுத்தவை. புதிதாகக் கிளம்புகிறவர்கள் எந்த டென்ட் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். சுமாரான டென்ட் நல்ல இடத்தில் நின்றால் ராத்திரி எப்படியோ கழிந்துவிடும். விலை உயர்ந்த டென்ட்டைப் பள்ளத்தில் அடித்துவிட்டால் விடிவதற்குள் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். பையை இறக்கியதும் முதலில் தலைக்கு மேலே பாருங்கள். காய்ந்த கிளை விழுவதற்குப் புயல் தேவையில்லை. ஒருமுறை இலைகூட அசையாத மதியத்தில், நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் தொடை கனத்தில் ஒரு கிளை ‘படார்’ என்று விழுந்தது. அப்புறம் யாரும் பேசாமல் எழுந்து வேறு இடம் பார்க்கப் போனோம்.

மேலே பார்த்தாயிற்று என்றால் அடுத்தது தரை. புல் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, சருகும் குச்சியும் கோடு போட்ட மாதிரி வரிசையாக ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீர் ஓடிய தடம், அடுத்த மழைக்கும் அதே வழியில்தான் வரும். நடுவில் லேசாகக் குழிந்து, கெட்டித்துப்போய், புல் முளைக்காமல் இருக்கும் இடம் பார்வைக்கு சமதளமாகத் தெரியும். பலரும் ஆசையாக அங்கேதான் விரிப்பார்கள். மழை பெய்தால் தண்ணீர் தேங்குவதும் அங்கேதான்.

ஆற்றங்கரையில் படுப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் தலைக்கு மேல் ஒரு சொட்டு விழாமலே ஆறு ஏறும். ஒரு ராத்திரி எங்களுக்கு மேலே நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தது, மலைப்பக்கம் மட்டும் தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த ஒரு பெரியவர் படுக்கப் போகும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்தார். எதற்கு என்று கேட்டதற்குச் சிரித்தார். நடுராத்திரியில் அவரே எல்லோரையும் எழுப்பினார். டார்ச் அடித்துப் பார்த்தால் குச்சி தண்ணீருக்குள் நிற்கிறது, தண்ணீர் செம்மண் நிறத்தில் இலையும் சுள்ளியும் சுமந்து வருகிறது, சத்தமும் கனத்துவிட்டது. டென்ட்டைக் கழற்றக்கூட நிற்காமல் அப்படியே நாலு பேராகத் தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனோம். நிறம் மாறுவது, குப்பை மிதந்து வருவது, சத்தம் மாறுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் யோசிக்காமல் மேலே ஏறுங்கள். வறண்ட ஆற்றுப் படுகையில் படுப்பதைப் பற்றி விவாதமே வேண்டாம்.

குளிருக்கும் இடம்தான் காரணம். ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் போய்த் தேங்கும். அடிவாரப் புல்வெளி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சரிவில் கொஞ்சம் ஏறிப் படுத்தாலே வித்தியாசம் தெரியும். மர நிழலில் பனி ஈரமும் குறையும். திறந்த வானத்துக்குக் கீழே டென்ட் துணி தன் வெப்பத்தை மேலே இழந்து சட்டென்று குளிர்ந்துவிடுகிறது, மரக்கூரை அதைக் கொஞ்சம் தடுக்கிறது. காய்ந்த கிளை இல்லாத மரமா என்று பார்த்துக்கொண்டால் சரி. வானிலை அறிக்கை கீழே இருக்கும் ஊருக்கானது என்பதையும் மறக்காதீர்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும்.

ஆனால் ரொம்பப் பேர் நடுங்குவது காற்றால் இல்லை, தரையால். எங்கள் கூட்டத்தில் ஒருவர் நல்ல விலைக்கு ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை) வாங்கி வந்திருந்தார், அடியில் விரிக்க மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் மட்டும். ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே இருந்தார். பக்கத்தில் பழைய ஸ்லீப்பிங் பேக்கோடு, அடியில் இரண்டு மேட் (தடித்த விரிப்புப் பாய்) போட்டுப் படுத்தவரின் குறட்டை எல்லோருக்கும் கேட்டது. பையின் உள்ளே இருக்கும் பஞ்சு நேரடியாகச் சூடு தருவதில்லை, அது பிடித்து வைத்திருக்கும் காற்றுதான் நம் உடம்புச் சூட்டைக் காக்கிறது. நம் எடை விழுந்து அடிப்பக்கம் நசுங்கியதும் அந்தக் காற்று போய்விடும், அப்புறம் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதனால் காசு குறைவாக இருந்தால் முதலில் மேட் வாங்கச் செலவழிக்கச் சொல்வேன். மேட்களில் ஆர் மதிப்பு (R-value) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அது கூடக்கூடத் தரைக்குளிர் குறையும். இந்த எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது வசதி: 2 உள்ள இரண்டு மேட்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் 4 கிடைக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலையையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்ற சர்வதேசச் சோதனை முறைப்படி சோதித்த பைகளில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண் வரும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகப் படுக்கக்கூடிய அளவு. லிமிட் என்பது சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு தாக்குப்பிடிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம், உயிர் பிழைக்கும் அளவு, தூங்குவதற்கானது இல்லை. நான் கம்ஃபர்ட்டை மட்டும்தான் பார்ப்பேன்.

காலையில் எழுந்து “டென்ட் ஒழுகுகிறது” என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் அது அவர்களுடைய மூச்சேதான். மூச்சிலிருந்து வரும் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாகக் கோத்துவிடும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினால் இன்னும் மோசம். மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் விட்டுப் படுங்கள். கூடவே, நைலான் நனைந்தால் தொய்ந்துவிடும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய மேல்துணி ராத்திரி மழையில் தளர்ந்து உள்துணியோடு ஒட்டும், அப்போது நிஜமாகவே உள்ளே நனையும். படுக்கும் முன் ஒரு சுற்று நடந்து கயிறுகளை இறுக்கிவிடுவது நல்லது. தரைக்கு விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் அடியைவிட ஓர் உள்ளங்கை அளவு சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நமக்கு அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கும்.

இனி சொல்லப்போவது விளையாட்டில்லை. பக்கத்தில் டென்ட் போட்டிருந்த ஒரு குடும்பம், குளிர் தாங்காமல் அணைந்த மாதிரி இருந்த கரித்தணலை ஒரு பாத்திரத்தில் அள்ளி உள்ளே வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னப் பையன் வாந்தி எடுக்க வெளியே ஓடி வந்தான், அம்மாவுக்குத் தலை வெடிக்கிற வலி, அப்பாவால் நேராக நிற்க முடியவில்லை. எல்லோரையும் வெளியே இழுத்து உட்கார வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பையன் ஜிப்பைத் திறந்ததால் தப்பித்தார்கள். தணலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோமே என்ற சமாதானம் உதவாது. தணலோ ஸ்டவ்வோ எதுவும் டென்ட்டுக்குள் வேண்டாம். உள்ளே சூடு வேண்டுமென்றால் தண்ணீரைக் காய்ச்சிக் கசியாத பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள், பாதி ராத்திரிவரை தாங்கும்.

குளிரில் கேஸ் ஸ்டவ் இழுத்துக்கொண்டு எரிந்தால் ஸ்டவ்வில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். கேனில் இருக்கும் வாயுக்களில் பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை போகும், புரோப்பேன் மைனஸ் 42 வரை. குளிர் இடத்துக்கு ஐசோபியூட்டேனோ புரோப்பேனோ கலந்த கேஸ் வாங்குங்கள், ராத்திரி கேனைப் படுக்கைக்குள் வைத்துக்கொண்டால் காலையில் டீத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்.

ஓடைத் தண்ணீரைக் குடிப்பதானால் நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள், 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம். மலம் கழிக்கத் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போய் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிடுங்கள். இடி கேட்டால் டென்ட்டை நம்பாதீர்கள், கூரை மூடிய காருக்கோ கட்டடத்துக்கோ போங்கள்.

சரி, எலிக்கதை. நண்பர் பையின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் தின்பண்டம் காலி செய்த உறையை மட்டும் செருகி வைத்திருந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை, வாசனை மட்டும்தான். ராத்திரி அந்த வாசனையைத் தேடி வந்த எலி டென்ட் துணியைக் கடித்து ஓட்டை போட்டு, பையையும் கடித்துவிட்டுப் போயிருந்தது. ஜிப்பைத் திறந்து போகிற பழக்கம் எலிக்குக் கிடையாது. அன்று முதல் உணவு, குப்பை, டூத்பேஸ்ட் எல்லாம் டென்ட்டிலிருந்து தள்ளி ஒரு மூடிய டப்பாவில். கரடி நடமாடும் காடாக இருந்தால் சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் 100 மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

டென்ட் கயிற்றைக் கட்டும் முளை மணலில் நிற்பதில்லை, என்ன செய்வது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, குழி தோண்டிப் புதைத்துப் பாருங்கள். எனக்கு இதுவரை நின்றிருக்கிறது. பாறைமேல் டென்ட் அடித்தவர்கள் கயிற்றை எப்படிக் கட்டினீர்கள் என்று எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன்.