ஹேஷ்டேக் பாத்து கீவேர்டு எடுக்குறது எப்படி? (அவசரம்)

வடசேரி_செட்டு:
வணக்கம். ஹேஷ்டேக்க பாத்துதான் படத்துக்கு கீவேர்டு (ஆளுங்க அடிச்சுத் தேடுற வார்த்த) எடுக்கணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, நானும் கூட்டம் அதிகமா உள்ள டேக்கா பாத்து எல்லாத்தயும் போட்டேன், ஒரு ஆளும் எட்டிப் பாக்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரிக்குள்ள அடுத்தத போடணும்.

தக்கலை_பையன்:
எதுல போடுறீங்க, இன்ஸ்டாவா பின்ட்ரெஸ்டா? என்ன படம்?

மார்த்தாண்டம்_தேன்:
நேரந்தான் பிரச்சன. ராத்திரி எட்டு மணிக்கு போட்டுப் பாருங்க, எங்க தேன் பாட்டில் அப்படித்தான் ஓடுச்சு.

தக்கலை_பையன்:
அவங்க கஸ்டமர் எந்த ஊருன்னே தெரியாம நேரம் சொல்லுதீங்களே அண்ணே.

வடசேரி_செட்டு:
ரெண்டுலயுந்தான். நகை.

குளச்சல்_காத்து:
என்ன நகைக்கா? கல்யாணத்துக்கா?

வடசேரி_செட்டு:
டான்ஸ் செட்டு. நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்கொடி, ஒட்டியாணம். டேக் போட்டது டெம்பிள் ஜுவல்லரி, கோல்டு, இந்தியன் வெட்டிங்.

டிஜிட்டல்_ஆசான்:
இதெல்லாம் பாலபாடம். பழைய இழைகள தேடிப் படிச்சிட்டு வந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம். இன்ஸ்டாக்காரன் 2024 டிசம்பர்லயே ஹேஷ்டேக்க ஃபாலோ பண்றத எடுத்தாச்சு, இன்னும் அதயே புடிச்சு தொங்குனா என்ன சொல்ல.

முட்டம்_கேமரா:
ஃபாலோதான் போச்சு, தேடுறது போகலியே ஆசானே. அவங்க கேக்குறது டேக் வச்சு வார்த்த கண்டுபிடிக்கத.
அக்கா, கல்யாண டேக்ல போனா பெரிய தங்கக் கடைக்காரங்க எல்லாம் உங்களுக்கு முன்னால நிப்பாங்க. உங்ககிட்ட வாங்குறது அரங்கேற்றம் வைக்கிற வீட்டுக்காரங்க. இன்ஸ்டால ஹேஷ் போட்டு பரதநாட்டியம்னு இங்கிலீஷ்ல அடிக்கத் தொடங்குங்க, ஜுவல்லரி, மேக்கப்னு பின்னால சேந்து சேந்து வரும். லட்சக்கணக்குல போஸ்ட் உள்ளத விட்டுருங்க, சில ஆயிரம் உள்ளத தொறந்து உங்கள மாதிரி செட்டு கிடக்கான்னு கண்ணால பாருங்க, வெறும் ஆடுற போட்டோவா இருந்தா அது வாங்குற ஆளு தேடுற வார்த்த இல்ல. ஸ்பெல்லிங்க நம்மாளுங்க t-க்கு பிறகு h போட்டு bharathanatyam-னு எழுதுவாங்க, மத்தவங்க போடாம bharatanatyam-னு எழுதுவாங்க, ரெண்டயும் பாக்கணும். கிடைச்சத பின்ட்ரெஸ்ட் தேடல்ல போட்டா மேல பட்டன் பட்டனா கிளை வார்த்த வரும், அதயும் குறிச்சு வச்சுக்கிடுங்க. பின்ட்ரெஸ்ட்ல டேக்கா ஒட்டாதீங்க, தலைப்பு 100 எழுத்து வரைக்கும் எழுதலாம், அதுலயும் விவரத்துலயும் போர்டு (படங்கள சேத்து வைக்கிற தொகுப்பு) பேர்லயும் சாதாரணமா எழுதுங்க. உங்க போர்டு பேர் என்ன?

வடசேரி_செட்டு:
மை கலெக்‌ஷன்

முட்டம்_கேமரா:
சரியாப் போச்சு. அதுல இருந்து தொடங்குங்க.

டிஜிட்டல்_ஆசான்:
அதத்தான் நானும் சொல்ல வந்தேன்.

குளச்சல்_காத்து:
வெளிநாட்டு ஆளுங்களுக்கும் விக்கணும்னா, எந்த வார்த்தய எப்ப தேடுறாங்கன்னு காட்டுற பின்ட்ரெஸ்ட் ட்ரெண்ட்ஸ்ல அமெரிக்காவ போட்டு எந்த மாசம் ஏறுதுன்னும் பாருங்க. அங்க அரங்கேற்றம் கோடை லீவுலதான் அதிகம். மார்கழிய கணக்கு வச்சா சரிவராது.

தோவாளை_பிச்சி:
இடையில ஒண்ணு. வடசேரி வேலன்னா வெள்ளில தங்கத் தகடு ஒட்டி கெம்புக் கல்லு பதிக்கது, நாகர்கோவில் டெம்பிள் ஜுவல்லரிக்கு ஜிஐ (புவிசார் குறியீடு) உண்டு. மெஷின்ல அடிச்ச கவரிங்குக்கும் அதே டேக்கா?

தக்கலை_பையன்:
ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஆடுற பிள்ளைக்கு வெள்ளி செட்டு யாரு வாங்கிக் குடுப்பா?

தோவாளை_பிச்சி:
கவரிங் வாங்கட்டும், வேண்டாங்கல. பேர மாத்தி விக்காதீங்கங்கேன்.

மார்த்தாண்டம்_தேன்:
தேன்லயும் இதே கததான். வெல்லப்பாக ஊத்தி மார்த்தாண்டம் தேன்னு விக்கான்.

டிஜிட்டல்_ஆசான்:
தலைப்ப விட்டுப் போவாதீங்க.

முட்டம்_கேமரா:
இதுவும் தலைப்புதான். நெசமா கைவேலன்னா கெம்பு, வெள்ளி, கைவேல இதெல்லாமே கீவேர்டு. அத அடிச்சுத் தேடி வாறவன் விலையப் பாத்து ஓடமாட்டான். கவரிங்னா கவரிங்னே எழுதுங்க, அதுக்கும் ஆளு உண்டு.

வடசேரி_செட்டு:
போர்டு பேர் மாத்தியாச்சு. ராக்கொடிக்கு கனடால இருந்து ஒரு ஆள் விலை கேட்டிருக்கு, பேசிட்டு வாறேன். நன்றி.

தோவாளை_பிச்சி:
அது வெள்ளியா கவரிங்கான்னு சொல்லிட்டுப் போங்க.