ஒட்டி உரசும் கிட்டார் கார்டுகள்: விரல் எட்டவில்லை, வீட்டில் ஒப்பவில்லை

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்:
வணக்கம். கிட்டாரில் கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) பழகுகிறேன். ஒரே விரலால் பல தந்திகளை அமுக்கும் பார் கார்டு வரைக்கும் ஓரளவு கைவந்துவிட்டது. இப்போது அரைச்சுர இடைவெளியில் (ஒரே தந்தியில் ஒரு ஃபிரெட், அதாவது ஒரு கட்டை தள்ளினால் வரும் வித்தியாசம்) இரண்டு சுரம் ஒட்டி ஒலிக்கும் கார்டுகளைப் பழகுகிறேன். ஏ மைனர் ஆட் நைனில்தான் சிக்கல்: ஐந்தாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை ஃபிரெட் எண்கள் 0-2-4-1-0 (0 என்றால் விரல் வைக்காத திறந்த தந்தி). சுண்டுவிரலை மூன்றாம் தந்தியின் 4ஆம் ஃபிரெட்டுக்கு நீட்டினால் ஆள்காட்டி விரல் சாய்ந்து முதல் தந்தியைத் தொடுகிறது. அது 'டொக்' என்று செத்துப்போகிறது. சரியாக விழுந்தாலும் அம்மா அடுப்படியிலிருந்து "மொதல்ல சுருதி சேர்த்துட்டு வாசிடா" என்கிறார். நீட்டி நீட்டித்தான் பழக வேண்டுமா? சுருதி விலகியதையும் வேண்டுமென்றே உரச விட்டதையும் எப்படிப் பிரித்தறிவது?

பிரிக்ஃபீல்ட்ஸ் தந்தி:
தம்பி, நீட்டுவதை இப்போதைக்கு விடுங்கள். ஆறாம் தந்தியிலிருந்து 0-2-4-0-0-0 பிடியுங்கள். நான்காம் தந்தியில் எஃப் ஷார்ப், பக்கத்திலேயே திறந்த ஜி. இ மைனர் ஆட் நைன், இரண்டே விரல். அது பழகியதும் ஐந்தாம் தந்தியிலிருந்து 3-5-5-0-0. இது சி மேஜர் செவன். மூன்றாம் தந்தியின் சி, திறந்த பி-யோடு உரசும். திறந்த தந்திக்கு விரல் வேண்டாமே!

நீங்கள் பிடித்த கார்டும் மோசமில்லை. மூன்றாம், இரண்டாம் தந்திகளுக்கு நடுவே நான்கு அரைச்சுரம்தான், மற்ற ஜோடிகளுக்கு ஐந்து. அதனால் அரைச்சுரம் உரச இங்கே மூன்று ஃபிரெட் தாண்டினால் போதும், மற்ற இடங்களில் நான்கு. தந்தி நீளம் 650 மில்லிமீட்டர் உள்ள கிளாசிக்கல் கிட்டாரில் 1இலிருந்து 4ஆம் ஃபிரெட் வரை ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். கேப்போவை (எல்லாத் தந்திகளையும் ஒரு ஃபிரெட்டில் அமுக்கும் கவ்வி) 5இல் மாட்டினால் அதே பிடிக்கு 73தான். அங்கே பழகிவிட்டு ஒவ்வொரு ஃபிரெட்டாகக் கீழே இறங்குங்கள்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிட முடியாது. அந்தக் கார்டில் உரசும் பி 247 ஹெர்ட்ஸ், சி 262. நொடிக்கு 15 துடிப்பு என்பதால் காதில் கரகரப்பாக விழும். ஒரே சுரமாக இருக்க வேண்டிய இரண்டு தந்தி லேசாக விலகினால் ஒலி 'வாவ்… வாவ்' என்று மெதுவாக அலையும். அலை கேட்டால் முறுக்காணியைத் திருப்புங்கள், கரகரப்பு என்றால் கை வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் துருப்பிடித்த தந்தி டியூனரில் (சுருதி பார்க்கும் கருவி) சரி என்று காட்டும், மேல் ஃபிரெட்டில் பொய் சொல்லும், அதையும் பாருங்கள். அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸ, ரி இரண்டும் அரைச்சுர இடைவெளிதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆகவே மொத்தமாக அடிக்காமல் ஒவ்வொரு தந்தியாக மீட்டி, உரசும் சுரத்தைக் கடைசியில் சேர்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பிரை லெஃப்ட் ஹேண்ட்:
கேப்போ எல்லாம் அப்புறம், அண்ணே. கட்டைவிரல் மேலே எட்டிப் பார்த்தால் எந்த ஃபிரெட்டிலும் விரல் சாயும். கழுத்தின் பின்புறம் நடுவில் வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளச் சொல்லுங்கள், முதல் தந்தி பிழைத்துக்கொள்ளும். வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிஃப்ட்:
நன்றி அண்ணே. 0-2-4-0-0-0 உடனே வந்துவிட்டது. கட்டைவிரலையும் பார்க்கிறேன். எலெக்ட்ரிக் கிட்டாரில் டிஸ்டார்ஷன் (ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் எஃபெக்ட்) போட்டு இதை வாசிக்கலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் தந்தி:
வேண்டாம். ஒட்டிய சுரங்கள் டிஸ்டார்ஷனில் கலந்து இல்லாத சுரங்களையும் கிளப்பும், கார்டே அடையாளம் தெரியாது. டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் ஒலியில் வாசியுங்கள்.