கலைச்சொல் வேண்டல்: நடுவர் ஊதாமல் விட்டதற்கு என்ன பெயர்?

பொள்ளாச்சி, உடற்கல்வி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரப் பள்ளிகளில் கூடைப்பந்து நடுவர் பயிற்சிக்கு ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ. 2015 மார்ச்சிலிருந்து கடைசி இரண்டு நிமிட அறிக்கை என்று ஒன்றை வெளியிடுகிறது. இழுபறியாக முடிந்த ஆட்டத்தின் கடைசி நேர முடிவுகளை அலசி, நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள்: ஊதியது சரி, ஊதியது தப்பு, ஊதாதது சரி, ஊதாதது தப்பு. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. முதல் மூன்றுக்கும் ஏதோ ஒப்பேற்றிவிட்டேன். நாலாவதற்கு 'தவறாக ஊதாமை' என்று எழுதினால், தவறாக ஊதாமல் இருப்பது, அதாவது நல்ல நடுவரின் குணம் என்று பொருள் வருகிறது. நேர்மாறாகப் போய்விட்டதே! அப்படியே, நடந்ததை நடுவர்கள் காணொளியில் திரும்பப் பார்க்கும் ரீப்ளேக்கும், நடுவர் முடிவை எதிர்த்துப் பயிற்சியாளர் கேட்கும் சேலஞ்சுக்கும் சொல் தாருங்கள்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மிணி, இதற்கு இவ்வளவு யோசனை எதற்கு? 'ஊதாப் பிழை'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'அறியாப் பிழை' என்றால் அறியாமையால் நேர்ந்த பிழை. அதே போல ஊதாமையால் நேர்ந்த பிழை. கச்சிதமான சொல்.

திருப்பூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, எட்டாம் வகுப்புப் பையன் படித்தால் ஊதா நிறத்தில் ஒரு பிழை என்றுதான் நினைப்பான்.

ஈரோடு:

அந்த நிறப்பெயர் உருதுவிலிருந்து வந்தது தம்பி. ஊது என்பது நம் வினை. வந்த சொல்லுக்கு அஞ்சி இருந்த சொல்லை விடுவதா? நிறத்துக்குத்தான் செந்நீலம், கருஞ்சிவப்பு என்று எத்தனையோ இருக்கின்றன. கத்தரிப்பூ நிறம் என்று நம் அம்மாக்கள் சொல்லவில்லையா? நெசவுக்காரர்களிடம் கேட்டால் இன்னும் பத்துப் பெயர் சொல்வார்கள்.

கோவை, கூடைப்பந்து நடுவர்:

நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாங்க. நான் களத்தில் நிற்கிறவன், அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

2023 ஜனவரி 28, பாஸ்டன். என்.பி.ஏ. அணிகளான செல்டிக்ஸும் லேக்கர்ஸும் 105-105 என்று சமன். கடைசி நொடிகளில் லேக்கர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் கூடையை நோக்கி எழும்புகிறார். செல்டிக்ஸின் ஜேசன் டேட்டம் அவர் கையில் அடிக்கிறார். மூன்று நடுவர்களில் ஒருவர்கூட ஊதவில்லை. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், லேக்கர்ஸ் 125-121 என்று தோற்றது. நடுவர் சங்கமே தவறிவிட்டோம் என்று ஒத்துக்கொண்டது, மறுநாள் வந்த கடைசி இரண்டு நிமிட அறிக்கையும் அதையே சொன்னது. ஆனால் ஆட்டம் நடக்கும்போது லேக்கர்ஸ் பயிற்சியாளரால் ரீப்ளே கேட்டிருக்க முடியாது. ஏனென்றால் ஊதியதை எதிர்த்துத்தான் கேட்கலாம். ஊதாததை எதிர்த்துக் கேட்க விதியில் இடமே இல்லை.

ஆகவே சொல் எதுவானாலும் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஊதிய தப்புக்கு மருந்து உண்டு, ஊதாத தப்புக்கு இல்லை. 'நடுவர் பிழை' என்று பொதுவாகப் போட்டுவிட்டால் பாடமே போய்விடும். ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதலாம் என்றும் யாரும் சொல்ல வேண்டாங்க. 'மிஸ்டு கால்' என்றால் நம் ஊரில் கைபேசிதான் ஞாபகத்துக்கு வரும். 'ஊதாப் பிழை'யிலும் ஒரு சிக்கல்: பிழை ஆட்டக்காரர் செய்ததா, நடுவர் செய்ததா?

திருப்பூர்:

அண்ணா சொன்னது சரி. ஆட்டக்காரர் செய்வது ஃபவுல், அப்படியே இருக்கட்டும். நடுவர் செய்வது மட்டும் பிழை. 'விடுபிழை' என்று வைக்கலாமா? வினைத்தொகையில் எதிர்மறை வராது, ஆனால் 'விடு' உடன்பாட்டு வினையாக இருந்துகொண்டே இல்லாமையைச் சொல்கிறது. மெய்ப்பு பார்க்கிறவர்கள் விடுபாடு என்கிறார்களே, அந்த விடு.

கரூர், வழக்கறிஞர்:

எங்கள் ஊர் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக் கூடைப்பந்து ஆட்டங்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். யாரும் கவனிக்காத சேலஞ்சுக்கு வருகிறேன். 'சவால்' வேண்டவே வேண்டாம். அரபியில் அதற்குக் கேள்வி என்றுதான் பொருள். 'அறைகூவல்' மல்லுக்கு நிற்பவன் சொல். பயிற்சியாளர் நடுவரோடு மல்லுக்கு நிற்கவில்லை, நீதி கேட்கிறார். மனுநீதிச் சோழன் வாசலில் பசு அசைத்தது ஆராய்ச்சி மணி. அந்த 'ஆராய்ச்சி' கல்லூரி ஆராய்ச்சி அல்ல, முறை கேட்டு வந்தவரின் குறையை விசாரிப்பது. என்.பி.ஏ. 2019-20 பருவத்தில் இதைக் கொண்டுவந்தபோது வைத்த விதியைப் பாருங்கள். பயிற்சியாளர் முதலில் டைம்அவுட், அதாவது அணிக்கு உரிய இடைநிறுத்தம் ஒன்றை, எடுக்க வேண்டும், பிறகு விரலைச் சுழற்றிக் காட்ட வேண்டும். தோற்றால் அந்த டைம்அவுட் போச்சு. வழக்குமன்றத்தில் கட்டணம் கட்டி மனுப் போடுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 'ஆராய்ச்சி கோரல்' என்பதே என் முன்மொழிவு. ரீப்ளேக்கு 'மறு' வேண்டாம், நிலவிலுள்ள கறைக்கும் அதுதான் பெயர். 'மீள்காட்சி' என்க.

கோவை:

வக்கீலய்யா, 'ஆராய்ச்சி' என்றதும் பையன்கள் ஆய்வகத்துக்குப் போய்விடுவார்கள். 'முறையீடு' போதாதா? கைப்பந்து ஆட்டத்தில்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், உடனே புரிகிறது.

ரீப்ளே வந்த கதையையும் கையேட்டில் சேர்க்கலாம் டீச்சர். 2002 பிளே-ஆஃபில், அதாவது பருவ இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகளில், லேக்கர்ஸ், கிங்ஸ் அணிகளின் நான்காவது ஆட்டம். பாதி ஆட்டம் முடிந்த ஒலிக்குப் பிறகு லேக்கர்ஸின் சமாக்கி வாக்கர் கையிலிருந்து பந்து போனது. மூன்று புள்ளி கொடுத்துவிட்டார்கள். லேக்கர்ஸ் ஒரே புள்ளியில் ஜெயித்தது, 100-99. அடுத்த பருவத்திலேயே ரீப்ளே வந்தது. 2014-இல் நியூஜெர்சியின் செக்காக்கஸில் அதற்கென்று தனி மையமும் திறந்தார்கள்.

ஈரோடு:

விடுபிழைக்கு வருவோம். ஈழத்தில் 'பிழை விட்டான்' என்றால் பிழை செய்தான் என்று பொருள். அங்குள்ளவர் படித்தால் எல்லாப் பிழையும் விடுபிழைதான். நான் சொன்னதில் அந்தக் குழப்பம் இல்லை. எளிமை, எளிமை என்று இலக்கணம் பெற்ற சொல்லை ஒதுக்கிக்கொண்டே போனால், நாளைக்கு வாடா மலரையும் செல்லாக் காசையும் யார் புரிந்துகொள்வார்கள்? பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தானே நாம் இருக்கிறோம்.

பொள்ளாச்சி:

ஐயா, நீங்கள் சொன்னதில் குறையே இல்லை. ஆனால் இன்று மாலை மைதானத்தில் இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். 'விடுபிழை' என்றதும் ஒரு பெண் பிள்ளை, "நீங்க பாக்காம உட்டதுங்களா மிஸ்?" என்று கேட்டாள். அதுதான் எனக்கு வேண்டும். அச்சகத்தில் இருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். ஊதியது தப்பு என்றால் தப்பு ஊதல், ஊதாதது தப்பு என்றால் விடுபிழை, ரீப்ளேக்கு மீள்காட்சி, சேலஞ்சுக்கு முறையீடு. இப்படியே அனுப்புகிறேன்.

கோவை:

ஒரு அடிக்குறிப்பு மட்டும் சேருங்க. 2024-25 பருவத்திலிருந்து, பந்து எல்லைக்கு வெளியே போனது யாரால் என்று மீள்காட்சி பார்க்கும்போது, அந்த இடத்திலேயே ஒரு ஃபவுல் விடுபட்டிருந்தால் அதையும் ஊதலாம். விடுபிழைக்கு அந்த மட்டுக்கும் கதவு திறந்திருக்கிறது.

ஈரோடு:

போடுங்கள், தடுக்கவில்லை. என் வாக்கு ஊதாப் பிழைக்கே என்று பதிந்துவிடுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.

கரூர்:

ஆராய்ச்சி மணியை நானும் விடுவதாக இல்லை.