வில்லின் பிடிக்குத் தோல் தைப்பது: தையல் எந்தப் பக்கம், எவ்வளவு இடைவெளி?

நாணேற்றி:
ஒரே மரத்தில் செதுக்கிய வில், இழைத்து எண்ணெயும் ஏற்றியாகிவிட்டது, மிச்சம் பிடி மட்டும்தான். கயிறு சுற்றினால் போதும் என்கிறார்கள், ஆனால் வியர்த்த கையிலும் வழுக்கக் கூடாது என்பதால் தோல்தான் என்று முடிவு செய்துவிட்டேன். பிடியின் நீளம் 11 செ.மீ., நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகலமாகிறது. செவ்வகமாக வெட்டினால் நடுவில் தொளதொளவென்று நிற்குமே, அளவை எப்படி எடுப்பது? தையல் உள்ளங்கைப் பக்கமா, விரல் பக்கமா? பசை வேண்டுமா? கையில் இருப்பது 2 மி.மீ. தோல்.

குத்தூசி:
2 மி.மீ. தடிமன் வேண்டாம், வளைவில் படியாது. 1 முதல் 1.5 மி.மீ. தோல் எடுங்கள், தாவரப் பட்டையில் பதனிட்டதாக இருக்கட்டும். அது ஈரத்தில் நெகிழ்ந்து, காயும்போது பிடித்த வடிவத்திலேயே நின்றுவிடும். குரோமில் பதனிட்ட மென்தோல் அப்படி நிற்காது.

அளவுக்கு, பிடி முழுக்கக் காகித டேப்பை ஒட்டி, தையல் வரவேண்டிய இடத்தில் நேர்கோடு போட்டு வெட்டி உரித்துவிடுங்கள். விரித்தால் அதுதான் வடிவம். இருபுறமும் 2 மி.மீ. குறைத்து வெட்டுங்கள். விளிம்புகள் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வெட்டினால், ஈரத்தில் தோல் இழுபட்டபின் இறுக்க இடமே இருக்காது.

துளைகளை விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே, 4 மி.மீ.க்கு ஒன்றாகப் போடுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தே ஆகவேண்டும், அதனால் குத்துவதற்கு முன்பே குறித்து எண்ணிவிடுங்கள். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் சில நிமிடம் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்துத் தைக்கலாம். மெழுகு பூசிய லினன் நூல், தையல் நீளத்தைப் போல ஐந்தாறு மடங்கு, இரு நுனியிலும் முனை மழுங்கிய ஊசி. ஒவ்வொரு ஊசியும் தோலுக்கு அடியிலிருந்து மேலே வரவேண்டும், பிறகு குறுக்கே போய் எதிர் விளிம்பின் அடியில் நுழைந்து அடுத்த துளையில் மேலே வரவேண்டும். அப்போதுதான் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் படியும். ஈரத்தோல் சுலபமாகக் கிழியும், ஒரே இழுப்பில் இறுக்காமல் நாலைந்து தையலுக்கு ஒருமுறை பொறுமையாக இறுக்கிக்கொண்டே போங்கள்.

மரவேலைக்காரர்:
தையலை இலக்கைப் பார்க்கும் பக்கம் வையுங்கள். வில்லை இழுக்கும்போது அழுத்தம் முழுவதும் உள்ளங்கையில்தான், விரல்கள் சும்மா தழுவிக்கொண்டிருக்கும். தையல் மேடு உள்ளங்கையில் இருந்தால் நாலு அம்பு விட்டதுமே உறுத்தும். நம்மைப் பார்க்கும் பக்கம் தைப்பவர்களும் உண்டு, எனக்கு அது ஒத்துவரவில்லை.

பசையைப் பொறுத்தவரை, முதலில் உங்கள் வில் பிடியிலும் வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் ஒட்டவே வேண்டாம், மரம் அசையும் இடத்தில் பசை விட்டுப்போகும், தோலும் சுருங்கும். பிடி கெட்டியாக நிற்கும் வில்லானால் ஒட்டலாம், ஆனால் சரியாக இழுத்துத் தைத்த தோலுக்குப் பசை தேவையே படாது என்பது என் எண்ணம். எண்ணெய் முழுக்கக் காய்ந்த பிறகு தைக்கத் தொடங்குங்கள். இன்னொன்று, ஈரத்தோலில் இரும்பு படவிடாதீர்கள். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருங்கறை விழும், அது லேசில் போகாது.

நாணேற்றி:
பிடியில் வளையாத வில்தான், அப்படியானால் பசை இல்லாமலே தைக்கிறேன். மேல் விளிம்பு அம்பு உரசும் இடத்துக்கு வந்துவிடுகிறதே, அங்கே தடித்து நிற்காதா?

குத்தூசி:
மேல் கீழ் விளிம்புகளின் உட்புறத்தை 5 மி.மீ. அகலத்துக்குக் கூரான கத்தியால் சீவி மெலிதாக்கிவிடுங்கள், மரத்தோடு மரமாகப் படிந்துவிடும். ஊறவைப்பதற்கு முன்பே சீவுங்கள், ஈரத்தோலில் கத்தி ஓடாது. தைத்து முடித்ததும் நிழலில் ஒரு நாள் காயட்டும், வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். முழுக்கக் காயும்வரை நாண் ஏற்ற வேண்டாம்.