மறு: டீஃப்ராஸ்ட் – உணவுக்கு எந்தச் சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். உறைந்த உணவைச் சமைக்குமுன் அதன் பனிக்கட்டி நீங்கச் செய்வதை 'டீஃப்ராஸ்ட்' என்கிறோம்; அதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது என்ற கேள்விக்கு உறுப்பினர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'குளிர்நீக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எளிதாகப் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். உறைந்த இறைச்சியை விட்டுப் போகவேண்டியது பனிக்கட்டிதான்; குளிர் போகவே கூடாது. ஃப்ரீசரின் −18 பாகை செல்சியஸில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாவதில்லை, பெருக முடியாமல் முடங்கிக் கிடக்கின்றன. கட்டியைச் சமையல் மேடையில் வைத்தால், நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே மேற்பரப்பு 5 பாகையைத் தாண்டிவிடும், அங்கே அவை பெருகத் தொடங்கும். பொட்டலத்தில் 'குளிர்நீக்கம்' என்று அச்சிட்டால் மேடையில் வைக்கச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

'உருக்கல்' வெண்ணெய்க்குச் சரி. 'இளக்கல்' அழகான சொல், ஆனால் விரலால் அழுத்திப் பார்த்தால் மேலே இளகியிருக்கும், உள்ளே கட்டி அப்படியே இருக்கும். நடுப்பகுதிவரை பனி போய்விட்டது என்ற முழுமை அதில் இல்லை.

என் பரிந்துரை: உறைநீக்கம். குளிர்சாதனப் பெட்டியில் 4 பாகைக்குள் செய்வது 'குளிர்நிலை உறைநீக்கம்'. இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஆழமான தட்டில் வைத்து அடித்தட்டில் வைக்கவேண்டும், இல்லையென்றால் கசியும் நீர் பச்சையாக உண்ணும் பொருள்கள்மேல் சொட்டும். அவசரமென்றால் 'நீர்வழி உறைநீக்கம்': நீர் புகாத பையில் கட்டிக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, அரைமணிக்கு ஒருமுறை நீரை மாற்றவேண்டும்; அரைக்கிலோவுக்கு ஒருமணி நேரம் போதும். வெந்நீர் கூடாது. மைக்ரோவேவிலும் செய்யலாம், ஆனால் ஓரங்கள் அதற்குள் வேகத் தொடங்கிவிடுவதால் உடனே சமைத்துவிடவேண்டும்.

மீண்டும் உறையவைக்கலாமா என்பதும் இந்த வகைப்பாட்டைப் பொறுத்ததே. குளிர்நிலையில் செய்ததை, கெடாமல் இருக்கும்போதே, சமைக்காமலும் திரும்ப உறையவைக்கலாம். சாறு இழந்து சுவை குன்றும், ஆபத்தில்லை. மற்ற இரண்டு வழிகளிலும் சமைத்த பிறகுதான். அதனால் வகைப்பெயரைச் சுருக்கிவிட வேண்டாம்.

---

மறு: மறு: டீஃப்ராஸ்ட் – உணவுக்கு எந்தச் சொல்?

ஐயா, காரணங்கள் ஏற்புடையவை. 'உறைநீக்கம்' மட்டும் இடறுகிறது. பொட்டலத்தின் மேல் "உறை நீக்கவும்" என்று பார்ப்பவர் பையைத்தான் பிரிப்பார். நீர்வழியில் பை பிரிந்திருந்தால் நீர் உள்ளே போகும், கிருமி தொட்டியில் பரவும்.

மீனில் இன்னும் சிக்கல். காற்று நீக்கி அடைத்த மீனை, பனி விடுவதற்கு முன்பே பையைப் பிரித்துவிட்டுத்தான் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். காற்றில்லாத பைக்குள் பொட்டுலினம் நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் ஒரு வகை, 4 பாகைக்குக் கீழேயும் மெல்ல வளரக்கூடியது. அங்கே உறையையும் நீக்கவேண்டும், உறைவையும் நீக்கவேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் குறிப்பே எழுத முடியாது.

ஆகவே 'உறைவுநீக்கம்'. ஓர் எழுத்துதான் கூடுகிறது, மயக்கம் தீர்கிறது. ஃப்ரீசர் சுவரில் படிந்த பனியை அகற்றுவதற்கும் டீஃப்ராஸ்ட் என்கிறோமே, அது உணவைச் சார்ந்ததன்று. 'பனிப்படிவு அகற்றல்' என்று பிரித்துவிடலாம்.

உறைந்த இறைச்சியின் ஓரம் வெளிறி வறண்டுபோவதை முந்தைய சொற்பட்டியலில் 'உறைகருகல்' என்று போட்டிருக்கிறோம். அதையும் மாற்றவேண்டும். பை சரியாக மூடாததால் பனி நேராக ஆவியாகிப் போன இடம் அது. வறண்ட பகுதியை வெட்டி எறிந்தால் மீதி உண்ணத்தக்கதே. 'உறைவறட்சி' என்று திருத்தி அனுப்புகிறேன்.