எங்கிராம்: ‘சுவடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

எங்கிராம் (engram) என்பது ஓர் அனுபவம் மூளையில் விட்டுச்செல்லும் மாற்றத்துக்கு அறிவியலில் உள்ள பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நினைவுப்பதிவு, நினைவுத்தடம், பொறிப்பு, வாசனை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. எங்கிராம் என்றே எழுதிவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். அப்படி எழுதினால் வாசிப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘கிராம்’தான். அதோடு இதிலிருந்து கிளைச்சொற்கள் பல வேண்டும். நான் ‘சுவடு’ என்பதை முன்வைக்கிறேன். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லை ஆக்கியவர் ஜெர்மானிய விலங்கியலாளர் ரிச்சர்ட் செமோன், ஆண்டு 1904. ஒரு தூண்டல் உயிர்ப்பொருளில் நிலையான ஒரு மாற்றத்தை விட்டுச்செல்கிறது, அந்த மாற்றம் வெளியே தெரியாமல் கிடக்கிறது, பழைய தூண்டலில் ஒரு பகுதி திரும்ப வந்தாலும் அது எழுந்துவிடுகிறது என்றார் அவர். அந்த மாற்றத்துக்கு எங்கிராம் என்றும், அது எழுவதற்கு எக்ஃபரி என்றும் பெயர் வைத்தார். ஆக, அவர் கணக்கில் எங்கிராம் என்பது நினைவே அல்ல. நினைவு வருவதற்கு உடம்பில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று, அவ்வளவுதான். நாம் தேடும் சொல் இந்த வேறுபாட்டைக் காப்பாற்ற வேண்டும்.

‘நினைவுப்பதிவு’ அதைக் காப்பாற்றவில்லை. பதிவு என்றதும் ஒலிப்பதிவு, பத்திரப்பதிவு என்று போட்டது போட்டபடி இருக்கும் ஒன்று மனதில் வருகிறது. மூளை ஒரு கிடங்கு, நினைவு அதில் அடுக்கிய சரக்கு என்ற எண்ணம் சொல்லோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடும்.

‘பொறிப்பு’ நல்ல சொல். எங்கிராம் என்பதன் கிரேக்க வேரில் எழுதுதல் என்ற பொருள் இருப்பதால் மூலத்துக்கு மிக நெருங்கியதும் அதுதான். ஆனால் 2000-இல் நரம்பியலாளர்கள் நேடரும் லெடூவும் அவர்கள் குழுவினரும் செய்த சோதனையைப் பாருங்கள். ஒரு ஒலியைக் கேட்டால் அஞ்சும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியைக் கேட்க வைத்து, உடனே புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை, மூளையில் அச்சத்தோடு தொடர்புடைய பகுதியான அமிக்டலாவில் செலுத்தினார்கள். அடுத்த முறை ஒலி கேட்டபோது அச்சம் வெகுவாகக் குறைந்திருந்தது. நினைவூட்டாமல் அதே மருந்தைக் கொடுத்தபோது அச்சம் அப்படியே இருந்தது. அதாவது, எழுப்பப்பட்ட நினைவு இளகிவிடுகிறது; மறுபடி இறுக வேண்டியிருக்கிறது, அதற்குப் புதுப் புரதம் வேண்டும். படிக்கும்போதெல்லாம் இளகும் எழுத்தைப் பொறிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘வாசனை’யை முன்மொழிந்த அம்மா சொன்னது கருத்தளவில் சரி. பட்ட அனுபவம் விட்டுச்சென்று பின்னால் பலன் தருவதை நம் தத்துவ நூல்கள் அப்படித்தான் சொல்கின்றன. பெற்ற பண்புகள் பிள்ளைகளுக்கும் இறங்கும் என்று செமோன் வாதாடியதை எண்ணினால், ‘பூர்வ வாசனை’ அவருடைய கோட்பாட்டுக்கு இன்னும் நெருக்கம். ஆனால் அந்த மரபுவழிப் பகுதியை உயிரியல் கைவிட்டுவிட்டது. இன்றைய எங்கிராம் ஒரு உயிரின் ஆயுளுக்குள் அடங்குவது. தவிர, மோப்பத்தை வைத்து நடக்கும் நினைவாய்வுகளை எழுதும்போது வாசனையின் வாசனை என்று வரும். அது ஓடாது.

அடுத்தது ‘நினைவுத்தடம்’. பலருக்கும் பிடித்திருக்கிறது, தெரிகிறது. ஆனால் அதை வேறொரு வேலைக்கு ஒதுக்கி வைக்கும்படி கேட்கிறேன். கடந்த அனுபவத்துக்கும் இன்றைய நினைவுகூர்தலுக்கும் இடையே அறுபடாத காரணத்தொடர்ச்சி வேண்டும், அதைத் தாங்கி நிற்பதே தடம் என்று தத்துவவாதிகள் மார்ட்டினும் டாய்ச்சரும் 1966-இல் வாதிட்டார்கள். அது தத்துவத்தில் வரும் தடம். மூளையில் அது எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே முடிவுகட்டாதது. எங்கிராம் ஆய்வகத்தில் கைவைக்கக்கூடியது. ‘எங்கிராம் செல்களைக் காட்டிவிட்டதாலேயே நினைவுத்தடம் பற்றிய கேள்வி தீர்ந்துவிடுமா?’ என்று ஒரு தத்துவ ஆசிரியர் கேட்க நினைத்தால், இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் கேட்கவே முடியாது.

சரி, சுவடு ஏன்? சுவடு என்பது போனவர் அல்லர், போனதன் அடையாளம். மணலில் கிடக்கும், மங்கும், மேலே நடந்தால் மாறும். பார்க்கத் தெரிந்தவர் பார்க்கும்வரை பேசாமல் இருக்கும். செமோன் சொன்ன குணங்கள் கிட்டத்தட்ட எல்லாமே இதில் இருக்கின்றன.

ஒரு ஆட்சேபணை வரும்: சுவடு என்றால் ஓர் இடத்தில் இருப்பதல்லவா? அமெரிக்க உளவியலாளர் கார்ல் லாஷ்லி எலிகளின் பெருமூளைப் புறணியை இங்குமங்குமாக வெட்டிப் பார்த்து, எந்த இடம் போனது என்பதைவிட எவ்வளவு போனது என்பதே புதிர்வழி ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று கண்டார். எங்கிராமைத் தேடிய கதையை 1950-இல் எழுதியபோதும் அவரால் ஓரிடத்தைச் சுட்ட முடியவில்லை. அவரிடம் படித்த டொனால்ட் ஹெப், ஒன்றாகக் கிளர்ந்து ஒன்றோடொன்று பிணைந்த செல்களின் கூட்டம் என்ற விடையை 1949-இலேயே தந்திருந்தார். இதற்குச் ‘சுவட்டுத்தொகுதி’ பொருந்தும். ஒற்றைச் சுவட்டை வைத்து யாரும் வழி கண்டுபிடிப்பதில்லையே.

இந்தச் சொல் உண்மையில் தேறுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் சுசுமு டொனேகாவாவின் குழு செய்த ஆய்வுகள். 2012-இல் வெளியான ஆய்வில், கிளர்ந்தெழும் செல்களில் பாசியிலிருந்து எடுத்த, ஒளி பட்டால் செல்லைக் கிளரவைக்கும் புரதம் உருவாகும்படி எலிகளை அமைத்தார்கள். தீனியில் டாக்சிசைக்ளின் என்ற மருந்து இருக்கும்வரை இது நடக்காது. அதை நிறுத்திய இடைவெளியில் கிளரும், மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியின் செல்கள் மட்டும் குறியேறும். அந்த இடைவெளியில் ஒரு பெட்டியில் எலிக்கு மின்னதிர்ச்சி. அப்புறம் அதிர்ச்சியே தராத வேறொரு பெட்டியில் விட்டு நீல ஒளி பாய்ச்சினால், எலி அசையாமல் உறைந்து நின்றது. 2015-இல் இன்னும் ஒரு படி போனார்கள். பயிற்சி முடிந்த கையோடு புரதத்தடுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். மறுநாள் அதே பெட்டியில் எலி அஞ்சவில்லை; மறந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றும். ஆனால் குறியேறிய செல்களில் ஒளி பட்டதும் உறைந்தது.

இயல்பான வழியில் எழுப்ப முடியாத, ஆனால் அழியாத இந்த எங்கிராமுக்கு ‘உறங்குசுவடு’ என்று சொல்லலாம். வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. உறங்கிய, உறங்குகிற, உறங்கும் என மூன்று காலமும் அதில் அடங்கிவிடும். ‘உறங்குபதிவு’ என்றும் ‘உறங்குபொறிப்பு’ என்றும் சொல்லிப்பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மற்றவை: எங்கிராம் உண்டாவது சுவடுபதிதல். எங்கிராம் செல் தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கில் சுவட்டுச்செல், இலங்கை வழக்கில் சுவட்டுக்கலம். எக்ஃபரிக்கு ‘சுவடெழல்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். ‘மீட்டெடுப்பு’ வேறு பொருளில் ஏற்கெனவே புழங்குவதால் அதைத் தவிர்த்தேன். இந்த ஒன்றில் மட்டும் எனக்கு முழு நிறைவு இல்லை, ‘எழல்’ கொஞ்சம் செய்யுள் வாடையடிக்கிறது. உடலியங்கியல் பாடம் எடுப்பவர்கள் வகுப்பில் சொல்லிப்பார்த்து, வாயில் வருகிறதா என்று எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.