பேனலின் மின்சாரத்தைக் குடிப்பது வெயிலா, உப்பா?

மாடிவெயில்:
வணக்கம். சூரிய மின்சாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். திருவான்மியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் 330 வாட் பேனல்கள் இரண்டு, தெற்கு பார்த்து 13 டிகிரி சாய்வில் நிற்கின்றன. ஏப்ரல் கடைசி வாரம், உச்சிப்பொழுது. கைப்பிடிச் சுவர்மேல் வைத்த பைரனோமீட்டர் (வெயிலின் வலிமையை அளக்கும் கருவி) சதுர மீட்டருக்கு 900 வாட் காட்டியது. பேனலின் முதுகில் ஒட்டிய தெர்மோகப்பிளில் 63 டிகிரி. ஒரு பேனலில் கிடைத்ததோ 222 வாட்தான்.

நெறியாளர் எல்லாவற்றையும் வெப்ப இழப்பில் சேர்க்கச் சொல்கிறார். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் குறையும் என்கிறது பேனலின் விவரத்தாள். 330 வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் வெயிலுக்கான கணக்கு, 900க்கு 297 வாட். அதில் வெப்ப இழப்பைக் கழித்தாலும் 252 வாட் வர வேண்டும். மீதி 30 வாட்? கண்ணாடியை விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கிறது, நாக்கில் வைத்தால் கரிக்கிறது. இதையும் வெப்பம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பழைய பொறியாளர்:
முதலில் கருவியைப் பாரம்மா. பைரனோமீட்டர் சுவர்மேல் மட்டமாக இருக்கிறதா, பேனலின் சாய்விலா? ஏப்ரல் 24, 25 வாக்கில் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அப்போது மட்டமாக வைத்த கருவி, பேனலுக்குக் கிடைப்பதைவிட 2.5 சதவீதம் கூடுதலாகக் காட்டும். டிசம்பரில் இதற்கு நேர்மாறு. இன்னொன்று, உள்ளே இருக்கும் செல் முதுகைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே சுடும். இரண்டையும் திருத்தினால் உன் 252, 242 ஆகிவிடும். நெறியாளரோடு வாதாடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

உப்புக்காற்று:
மீதி 20 வாட்டுக்கு மின்னோட்டத்தைக் கேளுங்கள். சூடு ஏறினால் மின்னழுத்தம்தான் விழும். பேனலின் இரு முனைகளையும் நேராக இணைத்து அளக்கும் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அழுக்கு மின்னோட்டத்தைக் குறைக்கும். இரண்டு பேனல்களையும் முதலில் அப்படியே அளந்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றை மட்டும் கழுவுங்கள். விடியற்காலையில் கழுவுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி நிற்கும். முனைகளை இணைக்கும்போதும் பிரிக்கும்போதும் பேனலைத் தடித்த போர்வையால் மூடிவிடுங்கள். நேர்மின்னோட்டத்தின் பொறி லேசில் அணையாது.

கீழ்விளிம்பையும் குனிந்து பாருங்கள். சட்டத்தை ஒட்டிச் சேறு கோடாகப் படியும். பேனல் நெடுக்காக நின்றால், அந்தக் கோடு பைபாஸ் டயோடு (மறைந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்தைக் கடத்திவிடும் உறுப்பு) பிரிக்கும் மூன்று பகுதிகளையும் ஒரே நேரத்தில் மறைக்கும். கிடையாக இருந்தால் ஒரு பகுதியோடு போயிற்று.

மாடிவெயில்:
இருவருக்கும் மிக்க நன்றி. கருவி மட்டமாகத்தான் இருந்தது, ஐயா. இப்போது பேனலின் சாய்விலேயே பொருத்திவிட்டேன். கழுவும் முன் இரண்டு பேனல்களும் ஒரே அளவு காட்டின. நேற்று விடியலில் மெட்ரோ தண்ணீரில் ஒன்றை மட்டும் கழுவினேன். நண்பகலில் கழுவியதில் 8.1 ஆம்பியர், கழுவாததில் 7.6. அழுக்கு மட்டுமே 6 சதவீதம்! 242இல் அதைக் கழித்தால் 227. நான் அளந்த 222க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கழுவாத பேனலின் கீழ்விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்குப் பழுப்புக் கோடு. என் பேனல்கள் நெடுக்காகத்தான் நிற்கின்றன. அந்தக் கோட்டை மட்டும் துடைத்துவிட்டு நாளை தனியாக அளக்கிறேன்.